ஒரு சாம்ராஜ்யத்தையே உலுக்கிய கேள்வி

கடைக்குப் போகிறீர்கள். "ரொட்டி என்ன விலை?" என்று கேட்கிறீர்கள். கடைக்காரர் விலையைச் சொல்லவில்லை. கடவுளாகிய தந்தை பெரியவரா, அவருடைய மகன் பெரியவரா என்று உங்களோடு வாதம் செய்யத் தொடங்குகிறார்.

சில்லறை மாற்றப் போகிறீர்கள். காசு மாற்றுகிறவர், மகன் பிறந்தவரா, படைக்கப்பட்டவரா என்று பேசிக்கொண்டே இருக்கிறார். சில்லறை வந்தபாடில்லை.

குளிக்கப் போனால், தண்ணீர் காய வைக்கும் வேலையாளும் அதே பேச்சு!

இது கற்பனை அல்ல. 1,600 ஆண்டுகளுக்கு முன்பு, கான்ஸ்டான்டிநோபிள் நகரத்தில் இப்படித்தான் இருந்தது. (அந்த நகரம்தான் இன்றைய இஸ்தான்புல்.) நிசா என்ற ஊரின் பிஷப்பான கிரகரி, தம்முடைய பிரசங்கம் ஒன்றில் இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார்.

கடைத்தெரு வரைக்கும் வந்துவிட்ட அந்தக் கேள்வி என்ன?

பெத்லகேமில் மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தை யார்? கடவுளேதானா? அல்லது, கடவுள் படைத்தவர்களில் எல்லாம் முதலானவரா?

இவ்வளவுதான் கேள்வி. இதற்காக அரசர்கள் படையை அனுப்பினார்கள். பிஷப்புகள் நாடு கடத்தப்பட்டார்கள். ஒருவர் ஐந்து முறை ஊரை விட்டுப் போக நேர்ந்தது. கிறிஸ்தவர்கள் இன்று கடவுளைப் பற்றி என்ன நம்புகிறார்கள் என்பது அந்தச் சண்டையில்தான் வடிவம் பெற்றது.

துறைமுகத்தில் தொடங்கியது

எகிப்து நாட்டில் அலெக்சாந்திரியா என்று ஒரு பெரிய துறைமுகப் பட்டணம். நைல் நதிக் கரையில் விளைந்த கோதுமையைக் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பும் ஊர். அங்கே ஒரு கோவிலில் பாதிரியாராக இருந்தவர் ஆரியுஸ். (இந்தப் பெயருக்கும் நாம் சொல்லும் 'ஆரியர்' என்ற சொல்லுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.)

ஆரியுஸ் உயரமானவர். ஒல்லியானவர். எளிய உடை உடுத்துவார். இனிமையாகப் பேசுவார். அவர் சொன்னதும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

"கடவுள் ஒருவர்தான். அவருக்குத் தொடக்கம் கிடையாது. மகன் என்றால், தந்தைக்குப் பிறகுதானே வந்திருக்க வேண்டும்? அப்படியானால் மகனுக்குத் தொடக்கம் உண்டு. தொடக்கம் உள்ளவர் கடவுள் ஆக முடியாது. அவர் கடவுளின் படைப்பு. எல்லாப் படைப்புக்கும் முந்தியவர், எல்லாவற்றுக்கும் மேலானவர், ஆனாலும் படைப்புத்தான்!" இதுதான் ஆரியுஸின் வாதம்.

இன்னொன்றும் அவர் பக்கத்தார் எடுத்துக் காட்டினார்கள். ஏசுவுக்குப் பசித்தது என்று பைபிளிலேயே இருக்கிறது. களைப்பில் படகில் படுத்துத் தூங்கினார். நண்பரின் கல்லறைக்கு முன்னால் அழுதார். சிலுவையில் தாகம் என்றார். உலகம் முடியும் நாள் எப்போது என்பது தமக்கே தெரியாது என்றும் சொன்னார். கடவுளுக்குப் பசிக்குமா? கடவுள் அழுவாரா? கடவுளுக்குத் தெரியாததும் உண்டா?

இந்தக் கேள்விகளை யாரும் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆரியுஸ் கெட்ட மனிதர் அல்ல. கடவுளின் பெருமையைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார்.

தம் கருத்தை அவர் பாட்டாகவும் கட்டினார். கப்பல்காரர்களும், மாவு அரைக்கிறவர்களும், வழிநடைக்காரர்களும் பாடும்படியான மெட்டுகளில் அமைத்தார். கருத்து வேகமாகப் பரவியது.

அலெக்சாந்திரியாவின் பிஷப்புக்குப் பெயரும் அலெக்சாந்தர்தான். அவர் ஆரியுஸைக் கண்டித்தார். பிறகு சபையை விட்டு விலக்கினார். ஆரியுஸ் சும்மா இருக்கவில்லை. வெளியூர் பிஷப்புகளுக்குக் கடிதம் எழுதினார். பலர் அவர் பக்கம் சேர்ந்தார்கள். கிழக்கு நாடு முழுவதும் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

சக்கரவர்த்தியின் கவலை

அப்போது ரோம சாம்ராஜ்யத்தை ஆண்டவர் கான்ஸ்டன்டைன். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை கிறிஸ்தவர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள், கொன்றார்கள். 313-ம் ஆண்டில்தான் அவர்களுக்கு முழு சுதந்திரம் கிடைத்தது. அதைக் கொடுத்தவர்களில் ஒருவர் இந்தக் கான்ஸ்டன்டைன்.

இப்போது அதே கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள்! சக்கரவர்த்திக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதினார். இது அற்ப விஷயம், இதற்காகச் சண்டை போடலாமா, சமாதானமாகப் போங்கள் என்பது கடிதத்தின் சாரம்.

அற்ப விஷயம் என்று அவர் நினைத்தது தவறு. கடிதத்தால் ஒரு பயனும் ஏற்படவில்லை.

ஆகவே சக்கரவர்த்தி ஒரு மகாநாட்டைக் கூட்டினார். இடம்: நைசியா. காலம்: கி.பி. 325. துருக்கி நாட்டில் ஓர் ஏரிக் கரையில் இருக்கும் சிற்றூர் அது. இன்று அதன் பெயர் இஸ்னிக்.

பார்வை போன கண்ணுக்கு முத்தம்

சுமார் 300 பிஷப்புகள் வந்து சேர்ந்தார்கள். பயணத்துக்கு அரசாங்க வண்டிகளும் குதிரைகளும் கொடுக்கப்பட்டன. சாப்பாடும் அரசாங்கச் செலவு.

வந்தவர்களில் பலருடைய உடம்பில் தழும்புகள் இருந்தன. எகிப்திலிருந்து வந்த பப்னூசியுஸ் என்ற பிஷப்புக்கு ஒரு கண் இல்லை. பழைய அரசர்கள் காலத்தில் அதைப் பிடுங்கி, அவரைச் சுரங்க வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். இன்னொருவருடைய இரண்டு கைகளும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடப்பட்டு முடங்கிப் போயிருந்தன.

கான்ஸ்டன்டைன், பப்னூசியுஸை அடிக்கடி அரண்மனைக்கு அழைப்பாராம். கண் இருந்த இடத்தில் முத்தமிடுவாராம். பழைய சரித்திர ஆசிரியர்கள் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்.

மகாநாட்டுக்குச் சக்கரவர்த்தி வந்த காட்சியைச் செசரியா பிஷப் யூசேபியுஸ் வர்ணித்திருக்கிறார். செந்நீலப் பட்டாடை. அதில் தங்கமும் ரத்தினங்களும் பளபளத்தன. ஆனால் ஆயுதம் தாங்கிய காவலர்கள் உடன் வரவில்லை. அவருக்குச் சிறிய தங்க நாற்காலி ஒன்று போடப்பட்டிருந்தது. பிஷப்புகள் உட்காரும்படி ஜாடை காட்டிய பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

இந்த மகாநாட்டைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. 'கிறிஸ்துமஸ் தாத்தா' என்று குழந்தைகள் கொண்டாடுகிறார்களே, அந்தக் கதைக்கு மூலமானவர் மீரா பட்டணத்து பிஷப் நிக்கோலாஸ். அவர் கோபம் தாங்காமல் ஆரியுஸைக் கன்னத்தில் அறைந்துவிட்டார் என்பது கதை. ஆனால் அந்தக் காலத்தார் யாரும் இதை எழுதவில்லை. பல நூற்றாண்டு கழித்துக் கிளம்பிய கதை இது. நம்ப வேண்டியதில்லை.

கண் ஜாடை

மகாநாட்டில் ஒரு சிக்கல் ஏற்பட்டது. மகன் கடவுளிடமிருந்து வந்தவர் என்று எழுதலாம் என்றார்கள். ஆரியுஸ் கட்சியார், "சரி" என்றார்கள். ஏன் தெரியுமா? உலகத்தில் எல்லாமே கடவுளிடமிருந்துதான் வந்தது என்று அவர்கள் அதற்குப் பொருள் செய்துகொண்டார்கள்!

பைபிளிலிருந்து எந்தச் சொல்லை எடுத்தாலும் அவர்கள் தங்களுக்கு ஏற்றபடி ஒரு பொருள் சொன்னார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக் கண் ஜாடை காட்டிக்கொண்டார்கள். இதைப் பார்த்து எழுதி வைத்தவர் அத்தனாசியார். அப்போது அவர் பிஷப் அல்ல. அலெக்சாந்தருக்கு உதவியாளராக வந்த வாலிபர்.

ஆகவே இரண்டு பொருள் சொல்ல முடியாத ஒரு வார்த்தை தேவைப்பட்டது. 'ஹோமோ ஊசியோஸ்' என்ற கிரேக்க வார்த்தையைப் போட்டார்கள். 'ஒரே பொருளானவர்' என்று அர்த்தம். தந்தை எதுவோ, மகனும் அதுவே. தந்தை கடவுள் என்றால் மகனும் கடவுள். அரைக் கடவுள் அல்ல; குட்டிக் கடவுள் அல்ல.

இந்த வார்த்தை பைபிளில் இல்லை. அதனால் பலருக்குத் தயக்கம். செசரியா யூசேபியுஸும் தயங்கித்தான் கையெழுத்துப் போட்டார். பிறகு, தாம் ஏன் கையெழுத்திட்டோம் என்று விளக்கித் தம் ஊர் மக்களுக்கு ஒரு கடிதமும் எழுதினார்.

கடைசி வரை இரண்டு பிஷப்புகள் மறுத்தார்கள். இருவரும் லிபியாப் பக்கத்துக்காரர்கள். அவர்களையும் ஆரியுஸையும் சக்கரவர்த்தி நாடு கடத்தினார். வாதத்தில் ஜெயித்தவர்கள், தோற்றவர்களை அரசனைக் கொண்டு ஊரை விட்டு விரட்டியது நல்ல பழக்கம் அல்ல. அதே ஆயுதம் சீக்கிரமே அவர்கள் மீதே திரும்பியது.

விளக்கும் வெளிச்சமும்

'தந்தை முந்தியவர், மகன் பிந்தியவர்' என்ற ஆரியுஸின் வாதத்துக்கு என்ன பதில்?

மனிதர்களுக்குள் அது சரி. தந்தைக்கு 25 வயது ஆன பிறகு மகன் பிறப்பான். கடவுளுக்கு வயது உண்டா? விளக்கை ஏற்றுகிறோம். வெளிச்சம் மறுநாளா வருகிறது? விளக்கு உள்ள நேரமெல்லாம் வெளிச்சமும் இருக்கிறது. விளக்கிலிருந்துதான் வெளிச்சம் வருகிறது. ஆனாலும் விளக்குக்குப் பிந்தியது அல்ல. தந்தையும் மகனும் அப்படி என்றார்கள். தந்தை என்றும் தந்தை. ஆகவே மகனும் என்றும் மகன்.

அப்படியானால் இரண்டு கடவுளா? பரிசுத்த ஆவியைச் சேர்த்தால் மூன்று கடவுளா? இல்லை. கடவுள் ஒருவரே. அந்த ஒரே கடவுள் தந்தை, மகன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆட்களாக இருக்கிறார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதைத் 'திரித்துவம்' என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்து ஏற்றுக்கொண்ட விஷயம் அல்ல இது. ஏசுவை முதல் நாளிலிருந்து கும்பிட்டு வந்தார்கள். மூவர் பெயராலும் ஞானஸ்நானம் கொடுத்து வந்தார்கள். ஏசு படைக்கப்பட்டவர் என்றால், அவரைக் கும்பிடுவது தவறு அல்லவா? இதைத்தான் அத்தனாசியார் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவர் சொன்ன ஓர் உவமை அழகானது. ஒரு பெரிய அரசர் ஒரு பட்டணத்துக்கு வருகிறார். அங்கே உள்ள வீடுகளில் ஒரே ஒரு வீட்டில் தங்குகிறார். அவர் தங்கியது ஒரு வீடுதான். ஆனால் பெருமை பட்டணம் முழுவதற்கும்! அதற்குப் பிறகு கொள்ளைக்காரர்களும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். அதுபோல, கடவுள் ஒரு மனித உடலில் வந்து தங்கியதால் மனித குலம் முழுவதும் காப்பாற்றப்பட்டது என்றார்.

அரசரே வந்தால்தான் இந்தப் பெருமை. வேலைக்காரரை அனுப்பினால் கிடைக்குமா? சண்டையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. துன்பப்படும் மனிதனிடம் கடவுள் தாமே இறங்கி வந்தாரா, அல்லது வேறொருவரை அனுப்பிவிட்டு மேலேயே இருந்துவிட்டாரா?

மூன்றாவது கை எங்கே?

அலெக்சாந்தர் காலமானார். 328-ம் ஆண்டில் அத்தனாசியார் பிஷப் ஆனார். உடனே எதிரிகள் கிளம்பினார்கள்.

ஆர்சேனியுஸ் என்ற பிஷப்பை அத்தனாசியார் கொன்றுவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள். மந்திர வேலைக்காக அவருடைய கையை வெட்டி வைத்திருந்தாராம்! காய்ந்துபோன ஒரு கையையும் கொண்டுவந்து காட்டினார்கள்.

335-ம் ஆண்டில் தீர் பட்டணத்தில் விசாரணை நடந்தது. அத்தனாசியார், முக்காடு போட்ட ஒருவரை அழைத்து வந்தார். முக்காட்டை நீக்கினார். சபையில் பலர் திடுக்கிட்டார்கள். செத்துப்போனதாகச் சொன்ன ஆர்சேனியுஸ் உயிரோடு நின்றார்!

"உயிரோடு இருக்கட்டும், கை?" என்று எதிரிகள் காத்திருந்தார்கள். அத்தனாசியார் மேலங்கியின் ஒரு பக்கத்தை ஒதுக்கினார். ஒரு கை தெரிந்தது. சற்று நிறுத்தி, மறு பக்கத்தை ஒதுக்கினார். இன்னொரு கை தெரிந்தது. மனிதனுக்குக் கடவுள் இரண்டு கைதானே கொடுத்திருக்கிறார், மூன்றாவது கையை எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று கேட்டார்.

அப்படியும் அவர் தப்பவில்லை. தலைநகரத்துக்குப் போகும் கோதுமைக் கப்பல்களை நிறுத்திவிடுவதாக அவர் மிரட்டினார் என்று வேறு குற்றச்சாட்டு வந்தது. சாப்பாட்டு விஷயம் என்றதும் கான்ஸ்டன்டைன் பொறுக்கவில்லை. இன்றைய ஜெர்மனியில் உள்ள டிரியர் நகரத்துக்கு அவரை அனுப்பிவிட்டார்.

ஆரியுஸுக்கு மன்னிப்புக் கிடைத்தது. 336-ல் அவர் சபையில் மறுபடி சேர்வதற்கு முந்திய நாள் திடீரென்று இறந்தார். கான்ஸ்டன்டைன் மறு ஆண்டு இறந்தார். சாகும் தறுவாயில்தான் அவர் ஞானஸ்நானம் பெற்றார். கொடுத்தவர் ஆரியுஸுக்கு நண்பராக இருந்த பிஷப்!

படகு திரும்பியது

அடுத்து வந்த சக்கரவர்த்தி கான்ஸ்டான்டியுஸ், நைசியா தீர்மானத்துக்கு எதிரி. 'ஒரே பொருளானவர்' வேண்டாம், 'ஒத்த பொருளானவர்' என்று வைத்துக்கொள்வோமே என்று சிலர் சமரசம் பேசினார்கள். கிரேக்க மொழியில் 'ஹோமோ' என்பதை 'ஹோமோய்' ஆக்கினால் போதும். ஒரே ஒரு எழுத்துத்தான் கூடுதல். ஒரு எழுத்துக்காகவா இவ்வளவு சண்டை என்று பிற்காலத்தார் கேலி செய்தார்கள். நம் தமிழிலும் 'அரசன்' என்பதற்கும் 'அரசனா' என்பதற்கும் அவ்வளவுதானே வித்தியாசம்?

356-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஓர் இரவு. அலெக்சாந்திரியாவில் கோவிலில் விழிப்புப் பிரார்த்தனை நடந்தது. படை வீரர்கள் கோவிலைச் சூழ்ந்துகொண்டு உள்ளே புகுந்தார்கள். மக்கள் வெளியேறும் வரை அத்தனாசியார் இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் சில சந்நியாசிகள் அவரை இழுத்துக்கொண்டு தப்பினார்கள். ஆறு ஆண்டுகள் பாலைவனத்தில் மறைந்து வாழ்ந்தார்.

இன்னொரு முறை நைல் நதியில் படகில் தப்பிப் போய்க்கொண்டிருந்தார். துரத்தி வந்த படகு நெருங்கிவிட்டது. கூட இருந்தவர்கள் நடுங்கினார்கள். "படகைத் திருப்புங்கள்" என்றார் அத்தனாசியார். எதிரே போனார்கள். "அத்தனாசியாரைப் பார்த்தீர்களா?" என்று வீரர்கள் கேட்டார்கள். "பக்கத்தில்தான் இருக்கிறார், சீக்கிரம் போங்கள்" என்று பதில் வந்தது. வீரர்கள் விரைந்து போய்விட்டார்கள்!

45 ஆண்டுகள் பிஷப்பாக இருந்தார். அதில் சுமார் 17 ஆண்டுகள் ஊரை விட்டு வெளியே கழிந்தன. நான்கு சக்கரவர்த்திகள் அவரை விரட்டினார்கள். 373-ம் ஆண்டில் அலெக்சாந்திரியாவில், தம் சொந்த வீட்டில் இறந்தார். 381-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய மகாநாடு, நைசியா தீர்மானத்தை உறுதி செய்தது.

பசித்தவர் யார்?

ஆனால் ஆரியுஸ் கட்சியார் கேட்ட கேள்வி அப்படியே நின்றது. ஏசு கடவுள் என்றால், பசித்தது யாருக்கு? அழுதது யார்?

சிலர், ஏசு மனிதர்போலத் தோன்றினார், அவ்வளவுதான் என்றார்கள். நாடகத்தில் வேஷம் போடுவதுபோல என்று அதற்குப் பொருள். சபை அதை ஏற்கவில்லை. பசி பொய் என்றால், சிலுவையில் பட்ட பாடும் பொய் அல்லவா?

451-ம் ஆண்டில் கால்சிடோன் என்ற ஊரில் மகாநாடு கூடியது. ஏசு முழுக் கடவுள். முழு மனிதரும் கூட. ஒரே ஆள், இரண்டு இயல்புகள். பாலும் தண்ணீரும்போல இரண்டும் கலந்துவிடவில்லை. இரண்டு துண்டாகப் பிரிந்தும் நிற்கவில்லை. பசித்தவரும் அவரே, ஐயாயிரம் பேருக்கு உணவு அளித்தவரும் அவரே. இதுதான் தீர்மானம்.

நம் நாட்டில் இதைக் கேட்டவுடன் 'அவதாரம்' என்ற சொல்தான் நினைவுக்கு வரும். தமிழ்க் கிறிஸ்தவர்களும் 'மனித அவதாரம்' என்று சொல்வது உண்டு. ஆனால் ஒரு வேற்றுமை இருக்கிறது. யுகந்தோறும் வருவார் என்று அவர்கள் சொல்வதில்லை. ஒரே ஒரு முறை வந்தார். எடுத்த மனித உடலை விட்டுவிடவில்லை. உயிர்த்தெழுந்த பிறகும் மனிதராகவே இருக்கிறார் என்று நம்புகிறார்கள்.

கால்சிடோன் தீர்மானத்தை எல்லாரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. அத்தனாசியாரின் சொந்த நாடான எகிப்திலேயே பெரும்பாலோர் மறுத்துவிட்டார்கள். 'இரண்டு இயல்புகள்' என்றால் ஏசுவை இரண்டாக வெட்டுவதுபோல அவர்களுக்குப் பட்டது. இவர்கள் காப்டிக் சபையார். ஆர்மீனியா, எத்தியோப்பியா, சிரியா சபையார்களும், கேரளத்தில் உள்ள மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இதே வழியைச் சேர்ந்தவர்கள். பிளவு 1,500 ஆண்டுகள் நீடித்தது.

எலும்புகள் வீடு திரும்பின

1973-ம் ஆண்டு மே மாதம் ஒரு புதுமை நடந்தது. காப்டிக் சபைத் தலைவர் மூன்றாம் ஷெனூடா ரோமாபுரிக்குப் போனார். போப் ஆறாம் பவுலைச் சந்தித்தார். இருவரும் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஏசு குறைவற்ற கடவுள், குறைவற்ற மனிதர் என்பதில் இரண்டு சபைக்கும் வேற்றுமை இல்லை என்பது அதன் சாரம்.

2025-ல் நைசியா மகாநாட்டுக்கு 1,700 ஆண்டு நிறைந்தது. நவம்பர் 28-ந் தேதி போப் பதினான்காம் லியோவும், கான்ஸ்டான்டிநோபிள் ஆர்த்தடாக்ஸ் சபைத் தலைவர் பர்த்தலோமேயுவும் இஸ்னிக் ஏரிக் கரையில் சேர்ந்து நின்று பிரார்த்தனை செய்தார்கள். அந்த ஏரிக்குள் மூழ்கிக் கிடந்த பழைய கோவில் ஒன்றின் அடித்தளம், 2014-ல் ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில் தெரியவந்தது. அந்தக் கோவிலின் அருகில்தான் அவர்கள் நின்றார்கள்.

ஷெனூடா 1973-ல் ரோமிலிருந்து வெறுங்கையோடு திரும்பவில்லை. அத்தனாசியார் இறந்து அப்போது 1,600 ஆண்டு ஆகியிருந்தது. அவருடைய உடல் எச்சங்கள் பிற்காலத்தில் இத்தாலிக்குப் போய்விட்டன. அவற்றில் ஒரு பகுதியைப் போப் கொடுத்தார். ஷெனூடா அதை எகிப்துக்கு எடுத்துச் சென்றார். கெய்ரோ நகரில், மார்க் தேவாலயத்தில் அது இருக்கிறது.